கிராங்க் குறுக்கல்

பெரியவர் சைக்கிளைச் சிறுவர் ஓட்டுவதற்காகப் பெடல் தண்டின் நீளத்தைக் குறைக்கும் வேலை. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பினருக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி, தம்பி தங்கையர் கைக்கும் போகும்; எட்டாத கால் சட்டத்துக்குள் நுழைந்து குரங்குப் பெடல் போடும். சீட்டை இறக்கினால் போதாதா? போதாது. கீழே பெடல் எட்டும், மேலே வரும்போது முழங்கால் இன்னும் அதிகம் மடங்கும். 170 மி.மீ. தண்டை 130 ஆக்கினால் பெடல் அடியில் 40 மி.மீ. உயர்ந்தும் உச்சியில் 40 மி.மீ. தாழ்ந்தும் நிற்கும், சின்னக் காலுக்கு இரண்டுமே வேண்டும். மிதிக்க ஏறத்தாழ 1.3 மடங்கு அழுத்தம் தேவை என்ற மறுப்பு சரியே. அதற்குப் பல் கூடிய ஃப்ரீவீல் மாட்டலாம். இரும்புத் தண்டில் புதுத் துளையிட்டு மரை வெட்டும்போது, இடப்பக்கப் பெடலுக்கு எதிர்மரை என்பதை மறக்கக் கூடாது. தண்டு மெலிந்திருந்தால் துளையிடவே கூடாது. மிதிக்கும்போது முறிந்தால் விழுவது குழந்தை.