நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல்

ஒரு மொழியில் பழமொழிகள் எவ்வாறு தோன்றின என்று ஆராய்ந்து கூறுதல் அரிது. முதலிற் சொன்னவர் யார், எவ்வூரினர் என்பனவெல்லாம் மறைந்துபோகச் சொல் மட்டும் நிலைத்து நிற்கிறது. ஆனால் நம் கண்முன் பிறந்த ஒருவகைப் பழமொழிக்கு ஆண்டும் நாளும் குறித்து வரலாறு எழுத இயலும். திரைப்படக் காட்சியொன்று படத்தினின்றும் பிரிந்து, கைப்பேசி வழியே உலகெங்கும் உலவும் கேலிப் படமாக மாறுவதையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். இதனை இளைஞர் 'மீம்' என்பர். 'போன்மி' என்று தமிழாக்கி வழங்குவாரும் உளர். ஒருவரைப் பார்த்து மற்றொருவர் பின்பற்றுவதால் பரவும் கருத்துக்கு, ரிச்சர்டு டாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேய உயிரியல் அறிஞர் 1976-ஆம் ஆண்டில் இட்ட பெயர் இது. போலச் செய்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றைச் சுருக்கி அவர் இதனை அமைத்தார்.

பெயர் புதிதேயாயினும் வழக்கம் நமக்குப் பழையதே. 1952-இல் 'பராசக்தி' வெளிவந்தபோது, கலைஞர் மு. கருணாநிதி எழுதிய நீதிமன்றக் காட்சியின் வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர் பலர். 1965-இல் வந்த 'திருவிளையாட'லில் நாகேஷ் நடித்த தருமி, இசைத்தட்டு வாயிலாகவும் ஒலிபெருக்கி வாயிலாகவும் கோயில் திருவிழாக்கள்தோறும் புலம்பினான். 1989-இல் வெளியான 'கரகாட்டக்கார'னில் கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்துக்காக வாதிட்ட காட்சி ஒலிநாடாவில் பதிந்து தேநீர்க் கடைகளில் ஒலித்தது. ஆயினும் அக்காலத்தில் மக்கள் காட்சியை உள்ளது உள்ளபடியே திருப்பிச் சொன்னார்கள். படத்தை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றும் வழக்கம் பின்னரே வந்தது.

அதற்கு வழி வகுத்தது தொலைக்காட்சி. 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் தனியே வெட்டியெடுத்து நாள்தோறும் ஒளிபரப்பும் வழக்கம் பரவிற்று. 2009-இல் நகைச்சுவைக்கென்றே 'ஆதித்யா' என்னும் தனி அலைவரிசை எழுந்தது. இரயில்வேயிற் பணிபுரியும் நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. ஒரு வண்டியினின்றும் கழற்றப்பெற்ற பெட்டி வேறொரு வண்டியிற் கோக்கப்பெற்று, முதல் ஓட்டுநர் கனவிலும் கருதாத ஊருக்குச் சென்று சேர்கிறதன்றோ? அவ்வாறே கதையையும் கதாநாயகனையும் அறியாதவரும் நகைச்சுவை நடிகரின் முகத்தை நன்கறிந்தனர். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் வந்தபின் இணையக் கட்டணம் பெரிதும் வீழ்ந்தது; அம்முகம் ஒவ்வொருவர் கைக்கும் எளிதில் வந்து சேர்ந்தது.

அம்முகங்களுள் முதலிடம் பெற்றது வடிவேலுவின் முகம். 'வின்னர்' (2003) படத்துக் கைப்புள்ள, 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' (2006), 'தலைநகரம்' (2006) படத்து நாய் சேகர் ஆகிய மூவரும் வீரம் பேசி, அடிபட்டு, அடிபட்டதை மறைக்க முயல்பவர்கள். மேலதிகாரியிடம் ஏச்சுக் கேட்டு வீடு திரும்பும் குமாஸ்தாவும், தேர்வில் விழித்த மாணவனும் தம்மையே அம்முகத்திற் காண்கின்றனர். மேலும், ஓசையின்றி அசைவின்றி நிற்கும் ஒற்றைப் படத்திலும் அவர் முகத்தின் கருத்து ஐயமற விளங்கும். சிறந்த காட்சிகள் எல்லாம் மீம் ஆவதில்லை. பார்ப்பவன் தன் கவலையை எழுதிக்கொள்ள இடம் தரும் காட்சியே மீம் ஆகிறது. 2011-க்குப் பிந்திய பல ஆண்டுகளில் வடிவேலு திரையில் தோன்றியது குறைவு. எனினும் அவ்வாண்டுகளிலேதான் அவர் முகம் மக்கள் கையில் இடையறாது திரிந்தது.

இனி நேசமணியின் வரலாற்றைக் காண்போம். 1999-இல் சித்திக் இயக்கிய 'ஃபிரண்ட்ஸ்' என்னும் மலையாளப் படத்தை, அவரே 2001 பொங்கலுக்குத் தமிழில் ஆக்கி அளித்தார். மலையாளத்தில் ஜகதி ஸ்ரீகுமார் ஏற்ற வேடத்தைத் தமிழில் வடிவேலு ஏற்றார். பெயர், பெயின்டிங் காண்ட்ராக்டர் நேசமணி. பெரிய மாளிகையொன்றில் வேலை நடக்கையில், மேலே நிற்கும் ரமேஷ் கண்ணாவின் கையிலிருந்து நழுவிய சுத்தியல் நேசமணியின் தலையில் விழுகிறது. காட்சி இவ்வளவே.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2019 மே மாத இறுதியில், கட்டடப் பொறியியல் பற்றிய அயல்நாட்டு முகநூல் பக்கமொன்று சுத்தியலின் படத்தை வெளியிட்டு, 'உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன?' என்று வினவிற்று. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, ஜமீன் மாளிகையில் நேசமணியின் தலையை உடைத்த கருவி இதுவே என்றும் விடையிறுத்தார். மற்றொரு தமிழர், 'அவர் இப்பொழுது நலமா?' என்று கேட்டார். அவ்வளவுதான்! நேசமணிக்காகப் பிரார்த்திக்கும்படி வேண்டும் செய்தி ட்விட்டரில் (2023 முதல் அதன் பெயர் எக்ஸ்) பெருகி, உலக அளவில் அதிகம் பேசப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று. மே 30 அன்று தலைநகரில் மத்திய அமைச்சரவை பதவியேற்றது. அந்நாளிலும் நேசமணியைப் பற்றிய பேச்சு ஓயவில்லை.

அந்நாளில் எம் அலுவலகத்து வடநாட்டு நண்பரொருவர், 'யார் இந்த நேசமணி? உயிருக்கு ஆபத்தில்லையே?' என்று உண்மையான கவலையுடன் எம்மை வினவினார். படக்கதை முழுவதையும் எடுத்துரைத்தோம். அவர் மரியாதைக்காகச் சிரித்தார். அன்று மாலை காலனியில் நம் பிள்ளைகள் அதே செய்தியைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தனர். 'அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டோம். இருவரே கை தூக்கினர்.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டியது உளது. அந்நகைச்சுவையின் வலிமை சுத்தியலில் இல்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே காட்சியை ஒரே மொழியிற் பார்த்து நினைவில் வைத்திருந்ததனால், ஒரு பெயரைச் சொன்ன அளவிலேயே அனைவருக்கும் விளங்கிற்று. அப்பொதுநினைவே ஒரு மக்களை ஒரு மக்களாக்குகிறது. பிறந்த மண்ணிலிருந்து பல நூறு மைல் விலகி வாழும் நமக்கு அந்நினைவு தானே வந்து சேராது. நம் பிள்ளைகளுக்கு முகம் கிடைத்திருக்கிறது, குரல் கிடைக்கவில்லை. வடிவேலுவின் மதுரைப் பேச்சின் இழுப்பும் ஏற்றமும் ஒற்றைப் படத்தில் இல்லை. அதன்மேல் எழுதப்பெறும் தமிழும் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே இருக்கிறது. இந்நிலை நீடிப்பின், அடுத்த தலைமுறைக்கு நேசமணி பொருள் விளங்காத ஒரு குறியாகவே எஞ்சுவார்.

படைத்தவர் பெயர் மறைவதும் மற்றொரு குறை. வாழைப்பழக் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன் என்பதைச் சொன்னால் வியப்பவர் நம்முள் உளர். சித்திக் 2023 ஆகஸ்டு 8-இல் மறைந்தபோதுதான், நேசமணியை நமக்களித்தவர் ஒரு மலையாளி என்பதைச் சிலர் அறிந்தனர். சிரிக்க வைத்தவரை அறிந்து சிரிப்பதே நன்றியாகும்.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். கைப்பேசியைப் பழித்துப் பயனில்லை. மாதம் ஒரு முறையேனும் சங்க மண்டபத்தில் இத்தகைய படமொன்றை முழுமையாகத் திரையிடலாம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கட்டும். பின்னர், தெரிந்தெடுத்த காட்சிப் படத்துக்குத் தமிழ் எழுத்தில், தம் சொந்தச் சொற்களில், ஒரு வரி எழுதும் போட்டியைச் சிறுவர்க்கு வைக்கலாம். பிழையின்றி எழுதுபவர்க்குப் பரிசளிக்கலாம். தமிழ் வகுப்புக்கு வர மறுக்கும் பிள்ளையும் நேசமணிக்காக வருவான். வந்தவன் நான்கு எழுத்தேனும் கற்றுச் செல்வான்.