சங்குக்குப் பின்னால் எந்தப் பலகை?

ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் தேடிக் கல்வெட்டுகளைப் புரட்டுவது நம் நண்பர்கள் சிலருக்குப் பொழுதுபோக்கு. கிளிஞ்சல்மேட்டைப் பொறுத்தவரை அந்தச் சிரமம் வேண்டியதில்லை. காரைக்கால் நகரை அடுத்துக் கடலோரத்தில் இருக்கும் மீனவர் ஊர். பெயரே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அங்கு நண்பரொருவர் வீட்டுக் கூடத்தில் முதுகில்லாத கண்ணாடி அலமாரி ஒன்று நிற்கிறது. சட்டங்களும் தட்டுகளும் பலா மரம். முன்புறம் கண்ணாடி பொருத்தியாகிவிட்டது. பின்புறம் மட்டும் திறந்து கிடக்கிறது.

அதற்குள் வைக்கப்பட வேண்டியவை நண்பரின் பாட்டனார் காலம் முதல் வலையில் ஏறியும் கரையில் ஒதுங்கியும் சேர்ந்த சங்குகள், சோழிகள், கிளிஞ்சல்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை வீட்டிலிருந்த எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. இந்தப் பெட்டி அன்று நகரத்திலிருந்த உறவினர் வீட்டில் இருந்ததால் தப்பியது. குடும்பத்தின் பழம்பொருள் என்று இனிச் சொல்ல அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

"முதுகுப் பலகைக்கு எந்த மரம் போடறதுன்னு ஆசாரி கேக்கறாரு சார். வெள்ளைச் சங்கு பளிச்சுன்னு எடுத்துக் காட்டணும். நீங்கதான் வரலாறெல்லாம் படிக்கிறீங்களே, சொல்லுங்க" என்றார் நண்பர்.

வரலாறு படிப்பவனிடம் மரவேலைக்கு யோசனை கேட்பது சற்று அதிகம்தான்! ஆனாலும் ஊருக்குத் திரும்பியபின் யோசித்துப் பார்த்தால், இதைக் கேட்க இந்தக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்றே தோன்றியது.

காரைக்காலை 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் பெற்றார்கள். தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களிடம் இருந்தது. வடக்கே அதனினும் குறைந்த தொலைவில் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனியர்களுடையது. ஒரு நாளில் மாட்டு வண்டியில் கடந்துவிடக்கூடிய நிலத்தில் மூன்று கும்பினிகள். வந்தவர்களுக்கு நாற்காலி வேண்டும், கட்டில் வேண்டும், அலமாரி வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் நாட்டில் அவற்றைச் செய்துகொடுத்தவர்கள் நம் தச்சர்கள்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் கடைந்து செதுக்கிய நாற்காலிகள் புகழ்பெற்றவை. முறுக்குக் கால்கள், பலகையெங்கும் இலையும் பூவும். இவற்றுள் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அங்கே நடந்தது சுவையான கதை. 18ஆம் நூற்றாண்டின் எழுத்தாளரான ஹொரேஸ் வால்போல் இத்தகைய நாற்காலிகளைக் கண்டு, இவை கார்டினல் வுல்சி காலத்து இங்கிலாந்துப் பொருள்கள் என்று நம்பித் தம் ஸ்டிராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார்! அவரைப் பின்பற்றிப் பலரும் அவ்வாறே நெடுங்காலம் நம்பினர். கீழைக் கடற்கரைத் தச்சனின் கைவேலை டியூடர் மன்னர் காலத்துக்குரியதாகிவிட்டது.

ஆனால் அவை முழுக்கக் கருப்பு. ஒரு மரத்துக்கு எதிராக இன்னொரு மரத்தை நிறுத்தும் கலை செழித்தது கடலுக்கு அப்பால், இலங்கையில். டச்சுக்காரர் காலத்து அலமாரிகளில் பொன்மஞ்சளாக மின்னும் முதிரைக்குக் கருங்காலியால் கரை கட்டியிருப்பார்கள். வேட்டிக்குக் கரைபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பொரசு என்று சொல்வதும் இந்த முதிரையைத்தான். கொழும்புப் புறக்கோட்டையிலுள்ள டச்சு அருங்காட்சியகத்தில் அக்காலத்து அறைகலன்களைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் காலியின் தச்சர்கள் ஒருபடி மேலே போய், தீவின் பலவகை மரங்களைக் கீற்றுக் கீற்றாகப் பதித்து மேசை செய்தார்கள்.

இந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. கருமையும் பழுப்பும் வரிவரியாய் ஓடும் கலமாந்தர் என்ற மரம் இலங்கையில் மட்டும் வளர்வது. அப்பெயர் சோழமண்டலம் என்பதன் திரிபே என்று கருதுவோரும் உண்டு. 1859இல் வெளியான தம் நூலில் எமர்சன் டெனன்ட் அம்மரம் தீர்ந்துகொண்டிருப்பதை வருத்தத்தோடு குறிப்பிட்டார். நம் தோதகத்திக்கும் (கடைக்காரர்கள் ரோஸ்வுட் என்பார்கள்) அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் தமிழ்நாட்டில் 1994இல் தனிச்சட்டமே இயற்றினார்கள். 2017 முதல் அந்த இன மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் உள்ளன.

ஆகவே, பலாச் சட்டத்துக்குத் தோதகத்தி முதுகு என்று ஆசாரி முதலில் சொன்னது பணத்தால் மட்டும் இடிக்கவில்லை. அதில் வேறொரு சிக்கலும் உண்டு. பலா வெட்டியபோது மஞ்சள். ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாகக் கருக்கும். தோதகத்தியோ வெளிச்சம் படப்பட ஊதா நிறம் இழந்து வெளிறும். இன்று எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டும் பேரன் காலத்தில் ஏறத்தாழ ஒரே நிறத்தில் வந்து நிற்கும்.

இதுவரை கண்ணுக்கான விவகாரம். சங்கு என்று வரும்போது வேறொன்றையும் கவனிக்கவேண்டும். அதைத்தான் நண்பரிடம் முக்கியமாகச் சொல்ல விரும்பினேன்.

ஐரோப்பியருக்குக் கிளிஞ்சல் பித்துப் பிடித்ததும் இதே கப்பல்களால்தான். டச்சுக் கும்பினியின் ஊழியராக அம்பொன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ், கண்பார்வை இழந்த பின்னும் சிப்பிகளையும் நண்டுகளையும் கனிமங்களையும் பற்றி எழுதிய நூல், அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து 1705இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. செல்வர் வீடுதோறும் சிப்பி அலமாரிகள் வந்தன. நம்மூரில் சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

அந்த அலமாரிகளுக்குள் ஒரு நோய் பரவியது. பளபளத்த சிப்பிகள் மங்கி, மேலே வெள்ளைப் பொடி பூத்து, மெல்ல அரித்துப் போயின. 1899இல் இங்கிலாந்தின் பைன் என்ற சேகரிப்பாளர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து இது பைன் நோய். ஒரு சிப்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதுபோலத் தோன்றியதால் வந்த பெயர். உண்மையில் இது நோயுமன்று, தொற்றுமன்று. குற்றவாளி அலமாரியேதான்! மரத்திலிருந்து கசியும் காடி அமில ஆவி மூடிய கண்ணாடிக்குள் தங்கி, சிப்பியின் சுண்ணாம்பைத் தின்கிறது. டெனன்ட், பெயர்டு என்ற இருவர் (இலங்கை டெனன்ட் வேறு, இவர் வேறு) 1985இல் அந்த வெள்ளைப் பொடியை ஆராய்ந்து, அமிலத்தால் விளைந்த கால்சிய உப்புகளே அவை என்று காட்டினர். காற்றில் ஈரம் மிகுந்தால் வேகம் கூடும். கடலுப்புப் போகக் கழுவாத சிப்பிக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஐப்பசி அடைமழையில் சுவரே வியர்க்கும் கிளிஞ்சல்மேட்டில் இரண்டுக்கும் குறைவில்லை.

மரங்களுள் ஓக் மிகக் கொடியது. தேக்கு நடுத்தரம். மகாகனி ஓரளவு சாது. ஒட்டுப்பலகை மலிவாயிற்றே என்று நினைத்தால், அதன் பசையிலிருந்து வருவதும் இதே குடும்பத்து அமிலம்தான். ஆக, முந்நூறு ஆண்டுகளாகக் கண்ணால் தேர்ந்தெடுத்த முதுகுப் பலகையை இங்கே மூக்கால் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நான் பூவரசை முன்மொழிந்தேன். நம் கடற்கரைக்கே உரிய மரம்; வைரம் சாக்லேட் நிறம், வெளிமரம் வெளிர்நிறம். வெள்ளைச் சங்கு அதன்முன் நன்றாகவே எடுபடும். ஹவாய்த் தீவினர் இதை மிலோ என்பார்கள். உணவுக்கு வேற்றுச் சுவை ஏற்றாத மரம் என்று இதில் சோற்றுக் கிண்ணம் கடைந்தவர்கள் அவர்கள். சுவை ஏறாத மரத்தில் ஆவியும் குறைவாயிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்தை நம்பிப் பாட்டனார் சங்கை ஒப்படைக்க முடியாது.

சோதித்துப் பார்க்க வழியுண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வகுத்த முறை: மரத்துண்டோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளை ஈரமான மூடிய குப்பியில் 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைப்பது. காடி அமிலத்தைக் காட்டிக்கொடுப்பது ஈயம்; வெள்ளை பூத்துவிடும். கிளிஞ்சல்மேட்டில் ஈயத்துக்குப் பஞ்சமா? வலைக்குண்டுகளை மினுங்கச் சுரண்டி, ஆளுக்கொரு ஊறுகாய்ப் பாட்டிலில் தேக்கு, பூவரசு, மகாகனிச் சீவல்களோடு, ஈரப் பஞ்சும் வைத்து மூடினோம். மரமே இல்லாமல் ஒரு பாட்டில், ஒப்பிட்டுப் பார்க்க. மொட்டைமாடி வெயில் 60 பாகைக்கு வராதுதான். நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டியது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லவும் மறக்கவில்லை.

"அதுவரைக்கும் இத என்ன தம்பி செய்யறது?" என்று கேட்டார் நண்பரின் தாயார். முதுகில்லாத அலமாரியைச் சுவரோடு சேர்த்து வைத்துச் சங்குகளை அடுக்கிப் பார்த்தார். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்திருந்தது. அமில ஆவி வந்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும் சுவர். இதைவிடப் பாதுகாப்பான முதுகு எந்த மரத்திலும் கிடைக்காது. வெள்ளைச் சுவர்முன் வெள்ளைச் சங்கு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.