முடிந்த காலமும் முடியாத காலமும்

ஆங்கிலம் எழுதும் நம்மில் பலர் தயங்கி நிற்கும் இடம் ஒன்றுண்டு. 'ஐ ரோட்' என்பதா, 'ஐ ஹாவ் ரிட்டன்' என்பதா? 'நேற்று' என்ற சொல் வந்துவிட்டால் முன்னதையே ஆளவேண்டும் என்று இலக்கண நூல்கள் விதிக்கின்றன. காரணம் தேடினால் அம்மொழியின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'ஹாவ்' உடைமையைக் குறித்த சொல். 'எழுதி முடிந்த நிலையில் ஒரு கடிதத்தை உடையேன்' என்பது போன்ற தொடரிலிருந்தே இந்த வடிவம் பிறந்தது. நாளடைவில் உடைமைப் பொருள் தேய்ந்தது. கடந்த செயலுக்கு இன்றோடு தொடர்புண்டு என்னும் குறிப்பு எஞ்சியது. வருதல், போதல் போன்ற வினைகளுக்கு 'இருத்தல்' வினையே பெரும்பாலும் துணைநின்றது. ஷேக்ஸ்பியரிடம் இரு வழக்குகளும் உண்டு. 'நேற்று' பற்றிய விதியும் அவர் காலத்தில் இன்றுள்ள அளவு இறுகியிருக்கவில்லை.

பிரெஞ்சு மொழியும் இதே பாதையில் நடந்தது; ஆனால் நடுவழியில் நிற்கவில்லை. செயலுக்கும் பேச்சுக்கும் இடையே ஓர் இரவு கழிந்திருந்தால்தான் தனி இறந்தகாலம் பொருந்தும் என அங்கே ஒரு விதி இருந்தது. 1637இல் மேடையேறிய கொர்னேயின் 'லெ சித்' நாடகத்தில் இவ்விதி பிறழ்ந்ததைப் பிரெஞ்சு அகாதெமி குற்றமாகவே சுட்டியது. பின்னர் பேச்சுமொழியில் தனி இறந்தகாலம் மறைந்து, கூட்டு வடிவமே அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டது. 1942இல் காம்யு 'அந்நியன்' நாவலை அந்தப் பேச்சுக் காலத்தில் எழுதியபோது, உயர்ந்த உரைநடையின் மரபே மீறப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த மீறல் தெரிவதில்லை. அங்கே கதைசொல்லத் தனி இறந்தகாலமே இயல்பானது.

தமிழில் 'இரு' துணைவினையாகிறது. முற்றம் நனைந்திருக்கக் கண்டு 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். இங்கே நாம் கண்ணால் காணாததைச் சான்று கொண்டு அறிந்தோம் என்பதே பொருள். ஆங்கிலமோ அந்த இரவு முடிந்துவிட்டது என்று கூறி 'ஹாவ்' வடிவத்தை மறுக்கும்.

இவ்வேறுபாடு இலக்கணத் தேர்வோடு முடிவதில்லை. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனைப் பற்றி இன்றும் 'பல சிறுகதைகள் எழுதியிருக்கிறார்' என்று எழுதுகிறோம். கதைகள் நம் கையில் இருக்கின்றன, அது போதும். அதையே ஆங்கிலமாக்குபவர் 'ஹாஸ் ரிட்டன்' என்று எழுதினால், அவர் இன்னும் உயிரோடு எழுதிக்கொண்டிருப்பதாக வாசகர் எண்ணக்கூடும். 'ரோட்' என்றே எழுதவேண்டும். தமிழ் வாக்கியம் சொல்லாமல் விட்ட மரணத்தை ஆங்கில வாக்கியம் சொல்லிவிடுகிறது. நம் விமரிசனக் கட்டுரைகளை மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு வினைமுற்றிலும் இதை முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.