குதிரை போனபின் நிலைத்த பெயர்: காலா கோடாவின் கலை உறவுகள்

மும்பையில் கோட்டைப் பகுதிக்கும் கொலாபாவுக்கும் இடையே உள்ள சிறு வட்டாரத்திற்குக் 'காலா கோடா' என்று பெயர். கருங்குதிரை என்பது பொருள். இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்ட் குதிரைமீது அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையை, பாக்தாதிய யூத வணிகர் ஆல்பர்ட் சசூன் 1879இல் அங்கே நிறுவினார். மக்கள் இளவரசரை விட்டுவிட்டுக் குதிரையின் பெயரால் இடத்தை அழைத்தனர். 1965இல் சிலை அகற்றப்பட்டது. இன்று அது பைகுல்லா விலங்குப் பூங்காவில் நிற்கிறது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இவ்வட்டாரம் இந்திய நவீன ஓவியத்தின் களமாக உருவானதற்கு அங்கிருந்த நிறுவனங்களைக் காரணமாகக் காட்டுவது வழக்கம். டேவிட் சசூன் நூலகம், எல்பின்ஸ்டன் கல்லூரி, காவஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம், வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம் ஆகிய நான்கும் சில நிமிட நடைதூரத்தில் அமைந்தவை. ஆனால் அருகருகே இருப்பது வேறு, உறவு கொள்வது வேறு. காலனியக் காலக் கொடைகளில் உருவான இக்கட்டடங்கள் தாமாக ஓர் ஓவியரை ஒரு விமர்சகரோடோ, அவ்விருவரையும் படம் வாங்கும் ஒருவரோடோ இணைத்துவிடவில்லை. இணைத்தவர்கள் வேறு வகையினர்.

அவர்களுள் முதன்மையானவர் கேகு காந்தி. அவர் 1941இல் தொடங்கிய தொழில் படச்சட்டம் செய்வது. படத்திற்குச் சட்டம் போடுபவரிடம் ஓவியரும் வருவார், வாங்குபவரும் வருவார். இளம் ஓவியர்களின் படைப்புகளைக் கேகு காந்தி தம் கடையில் காட்சிக்கு வைத்தார். காட்சிக்கூடங்கள் அரிதாயிருந்த நகரத்தில் அக்கடை அந்தப் பணியையும் செய்தது. இதே காலத்தில் ஐரோப்பாவில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த மூவர் பம்பாயில் இருந்தனர்: விமர்சகர் ருடால்ஃப் வான் லெய்டன், ஓவியர் வால்டர் லாங்ஹாமர், சேகரிப்பாளர் இமானுவேல் ஷ்லெசிங்கர். 1947இல் சௌசா, ரசா, ஆரா, ஹுசைன், காடே, பாக்ரே ஆகிய அறுவர் முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தபோது, அவர்களுக்கு எழுத்திலும் பணத்திலும் துணைநின்றவர்கள் இவர்கள். குழுவின் முதல் கண்காட்சி 1949 ஜூலையில், ரேம்பார்ட் தெருவிலிருந்த பம்பாய்க் கலைச் சங்கத்தின் அறையில், முல்க் ராஜ் ஆனந்தால் திறந்துவைக்கப்பட்டது. பழைமையான கலைச் சங்கம் ஒன்றின் கூரையின்கீழ்தான் புதிய குழு வெளிப்பட்டது என்பது கவனத்திற்குரியது. மரபுக்கும் புதுமைக்கும் இடையிலான மோதலாகவே இவ்வரலாற்றை எழுதுவோர் இந்த அண்டைமையைப் பெரும்பாலும் தவறவிடுகின்றனர்.

1952இல் ஜஹாங்கீர் கலைக்கூடம் திறக்கப்பட்டது. சர் காவஸ்ஜி ஜஹாங்கீர் அளித்த கொடைக்குப் பின்னால் கேகு காந்தியின் தூண்டுதலும் இயற்பியலாளர் ஹோமி பாபாவின் தூண்டுதலும் இருந்தன. பாபாவின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் அப்போது இந்தியாவின் நுழைவாயிலருகே பழைய படகுக் கழகக் கட்டடத்தில் இயங்கிவந்தது. நிறுவன நிதியில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கிய பாபா, பம்பாய் ஓவியர்களின் படைப்புகளைத் தொடர்ந்து வாங்கினார். 1963இல் ஜஹாங்கீர் கூடத்தின் மாடியில் கேகு காந்தி கெமோல்ட் காட்சிக்கூடத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதே கட்டடத்தில் சமோவார் உணவகம் வந்தது. ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் மாணவருக்கும் ஒரு கோப்பைத் தேநீரோடு நெடுநேரம் அமர இடம் கிடைத்தது. முற்போக்கு ஓவியர் குழு பத்தாண்டு நிறைவதற்குள் கலைந்தது. இந்த உறவுகளோ அரை நூற்றாண்டு நீடித்தன. குழுவைக் கடந்து உறவுகளை நிலைக்கச் செய்தவை சட்டக் கடையும் மாடிப்படியும் தேநீர் மேசையும்தான்.

எனினும் இவ்வலைப்பின்னல் எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளவில்லை. முற்போக்குக் குழுவைத் தோற்றுவித்த அறுவரில் ஒரு பெண்ணும் இல்லை. வீட்டு வேலை பார்த்து வளர்ந்த ஆரா, லெய்டனின் கண்ணில் பட்டதால் மேலே வந்தார். அத்தகைய கண்ணில் படாதவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. அருகிலிருந்த வேசைடு இன் உணவகத்தில் அமர்ந்து, எதிரேயிருந்த முக்கோண வாகனத் திடலில் வாழ்ந்த நடைபாதை மக்களை அருண் கொலாட்கர் பல்லாண்டுகள் கவனித்தார். 2004இல் வெளிவந்த அவரது 'காலா கோடா கவிதைகள்' அம்மக்களையே மையமாகக் கொண்டது. கலைக்கூடங்களின் ஆவணங்களில் இடம்பெறாத காலா கோடா அந்நூலில் இருக்கிறது.

முறைப்படியான அமைப்பு பின்னர்தான் வந்தது. 1995இல் மும்பையின் மரபுக் கட்டடப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1998இல் காலா கோடா சங்கம் உருவாயிற்று; 1999இல் ஆண்டுவிழா தொடங்கியது. அதில் திரண்ட நிதி கட்டடச் சீரமைப்புக்குப் பயன்பட்டது. 2018இல் இப்பகுதியின் பல கட்டடங்கள் உலக மரபுச் சின்னங்களாயின. இவை உண்மையான சாதனைகள். ஆனால் இதே காலத்தில் 2007இல் கெமோல்ட் இடம்பெயர்ந்தது. 2015இல் சமோவாரும், 2016இல் ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடையும் மூடப்பட்டன. வேசைடு இன் அதற்கு முன்பே மறைந்திருந்தது. சட்டம் முகப்பைக் காக்கும். அதன் உள்ளே ஒரு மேசைக்கு இருந்த குறைந்த வாடகையைக் காக்காது. 2017இல் அங்கே புதிய குதிரைச் சிலை நிறுவப்பட்டது. அதன்மேல் சவாரி செய்ய எவரும் இல்லை.

ஆய்வாளருக்கு இதில் ஒரு முறையியல் சிக்கல் உண்டு. நிறுவனங்கள் கூட்டக் குறிப்புகளையும் விவரப்பட்டியல்களையும் விட்டுச்செல்கின்றன. உணவகமும் சட்டக் கடையும் அவற்றை விட்டுச்செல்வதில்லை. ஆகவே வரலாறு நிறுவனங்களின் பக்கமே சாய்கிறது. கொள்கை வகுப்போரும் அந்த வரலாற்றைப் படித்து, கட்டடத்தைக் காத்தால் கலையும் காக்கப்படும் என்று நம்புகின்றனர். சட்டக் கடையின் ரசீதுகள், கண்காட்சி அழைப்பிதழ்கள், வாடகை ஒப்பந்தங்கள், வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டாமல் காலா கோடாவின் வரலாற்றை எழுத இயலாது. நினைவுகளை உடையவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவரும் நிலையில், இதற்கு எஞ்சியுள்ள காலம் குறைவு.