ஜெபர்சனின் மணிக்கட்டு



அமெரிக்கப் புரட்சிப் பாடத்தில் தாமஸ் ஜெபர்சன் என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதியவர். பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர். பாடப்புத்தகம் அத்தோடு நின்றுவிடும். பிரகடனத்தை எழுதிய அந்தக் கைக்குப் பத்து வருடம் கழித்து என்ன ஆனது என்று இன்று சொல்கிறேன்.

1786 செப்டம்பர். ஜெபர்சன் அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதர். வயது 43. வெளியே போன இடத்தில் விழுந்து வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. எப்படி விழுந்தார் என்பதை நண்பர்களுக்குக்கூட அவர் விவரமாக எழுதவில்லை; ஏதோ அசட்டுத்தனம் என்று முடித்துக்கொண்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான். உள்ளே எலும்பு முறிந்ததா, விலகியதா என்று பார்க்க வழியில்லாத காலம். மூட்டு சரியாகப் பொருந்தாமலே போயிற்று.

தூதரின் வேலையில் பெரும்பகுதி கடிதம் எழுதுவதுதான். வாழ்நாளில் ஏறக்குறைய 19,000 கடிதங்கள் எழுதிய மனிதர் அவர். என்ன செய்தார்? இடது கையால் எழுதப் பழகினார். விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மரியா காஸ்வே என்ற ஓவியருக்கு 4,000 சொற்களுக்கு மேல் நீளும் ஒரு கடிதத்தை இடது கையாலேயே எழுதினார். மூளையும் இதயமும் வாதாடுவதுபோல் அமைந்த அந்தக் கடிதம் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் உயிராக நேசித்த வயலினை முன்போல் வாசிக்க முடியவில்லை.

1787-இல், வெந்நீர் ஊற்றில் குளித்தால் குணமாகும் என்ற யோசனையின் பேரில் தென்பிரான்சின் எக்ஸ் நகருக்குப் போனார். கைக்குப் பலன் இல்லை. கிளம்பியதுதான் கிளம்பினோம் என்று ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் போய், அங்கே வெளியே கொண்டுபோகத் தடை இருந்த நெல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்! தன் நாட்டு விவசாயிகள் விதைத்துப் பார்க்கட்டும் என்று.

79-ஆம் வயதில் படியில் தவறி விழுந்து இடது கையும் முறிந்தது. அதன்பின் ஒவ்வொரு கடிதமும் வேதனைதான். ஆனாலும் பழைய நண்பர் ஜான் ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதுவதை, இருவரும் காலமான 1826 வரை அவர் விடவில்லை.

இது பழங்காலக் கதை, இப்போது மருத்துவம் வளர்ந்துவிட்டதே என்று நினைக்கலாம். அர்ஜென்டினாவின் டென்னிஸ் வீரர் டெல் போத்ரோவைப் பாருங்கள். 2009-இல், 20 வயதில், ஃபெடரரை வென்று அமெரிக்க ஓபன் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. பிறகு 2014, 2015-இல் இடது மணிக்கட்டில் மூன்று. 2016 தொடக்கத்தில் தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டார். இரண்டு கையாலும் ஓங்கி அடிக்கும் பேக்ஹேண்டுக்கு இடது மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. ஒற்றைக் கையால் பந்தை அறுத்து விடும் ஸ்லைஸை நம்பி ஆடினார். அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஜோகோவிச்சையும் நடாலையும் வென்று வெள்ளி பெற்றார். அர்ஜென்டினா முதன்முதலாக டேவிஸ் கோப்பையை வெல்லவும் துணை நின்றார்.

இருவருக்கும் பழைய கை திரும்பக் கிடைக்கவில்லை. இருக்கிற கையை வைத்து வேலையை வேறு மாதிரி செய்யக் கற்றுக்கொண்டார்கள். இதுதான் நான் சொல்ல வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் எட்டு சின்னச் சின்ன எலும்புகள். அதில் கட்டைவிரல் பக்கம் படகு வடிவில் ஒன்று இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால் அந்த எட்டில் அதிகம் முறிவது அதுதான். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். அதனால் உங்கள் பிள்ளைகள் விளையாடி விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே வலி என்றால், எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வலி தீராவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். ஜெபர்சனுக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கிறது.

கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.