பெயர் மூன்று, நோய் ஒன்று

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் அங்குள்ளோர் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. கண்ட காட்சியைக் கொண்டே பெயரிடுதல் மக்கள் இயல்பு. நோய்களுக்குப் பெயர் அமைந்ததும் பெரும்பாலும் இவ்வாறே. அவ்விரு கரையிலும் இன்று அடிக்கடி பேசப்படும் நோயொன்றுக்கு மூன்று பெயர்கள் உள. முதியோர் அதனைச் சலரோகம் என்பர்; மருத்துவமனை அறிவித்தல்களில் நீரிழிவு என்றிருக்கும்; வீட்டுப் பேச்சில் அது சீனி வருத்தம். நோயாளர் தம் நோயை எவ்வளவு விளங்கிக்கொண்டனர், எங்கே விளங்காது நின்றனர் என்பதை இப்பெயர்களே காட்டும்.

சலம் என்பது நீர். இழிதல் என்பது கீழ்நோக்கி ஒழுகுதல். அடங்காத தாகமும் அளவின்றிப் பிரியும் சிறுநீருமே பண்டையோர் கண்ட குறிகள். கப்பதோக்கியா நாட்டு மருத்துவர் அரெத்தேயஸ், உடம்பின் தசையே கரைந்து சிறுநீராய் ஒழுகுகிறது என்று கருதினார். டயபெற்றீஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் ஊடாகக் கடந்து செல்லுதல் என்பதே பொருள். பாரத நாட்டு ஆயுர்வேத நூலோர் ஒருபடி மேலே சென்று, அந்நீரின் இனிப்பை அறிந்து மதுமேகம் என்றனர். இளமையிலேயே மெலிந்தவரைப் பற்றுவது ஒருவகை, உடல் பருத்தவரைப் பற்றுவது வேறுவகை என்றும் பிரித்தனர். மீன்பாடும் தேனாடு எனப் புகழ்பெற்ற மட்டக்களப்பில், தேனின் பெயரால் ஒரு நோயும் வழங்குவது விந்தையே.

1776ஆம் ஆண்டில் லிவர்பூல் நகர மருத்துவர் மத்தியூ டொப்சன், நோயாளரின் சிறுநீரை வற்றக் காய்ச்சிச் சீனி போன்றதொரு பொருளைப் பெற்றார். குருதியின் நீர்ப்பகுதியும் இனிப்பதாக அவர் கண்டதே அதனினும் பெரிய செய்தி. நோய் குருதியில் உள்ளது. சிறுநீர் அதன் வடிகால் மட்டுமே. 1889இல் மிங்கோவ்ஸ்கி, மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை நீக்க, அதற்கு நீரிழிவு தோன்றியது. 1922 சனவரியில் ரொறன்ரோ நகரில், சாவின் வாயிலில் இருந்த 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. பிற்பாடு அவன் உடல் தேறியது.

அறிவு இவ்வளவு தூரம் நடந்தபின்னும் பெயர்கள் பழைய இடத்திலேயே நின்றன. சோதனை முறையும் அதற்குத் துணைபோயிற்று. 1908இல் பெனடிக்ட் வகுத்த நீலக் கரைசலில் சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்கினால், சீனியின் அளவுக்கேற்பப் பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறமாகும். பல்லாண்டுக் காலம் நோயாளர் கண்ட சான்று இதுவே. ஆகவே நோய் நீரில் உள்ளது, நீர் தெளிந்தால் நோய் தீர்ந்தது என்று எண்ணியதில் வியப்பில்லை. தாகம் தணிந்ததும் மாத்திரையை நிறுத்துவோர் இன்றும் இக்கணக்கையே போடுகின்றனர்.

சீனி வருத்தம் என்னும் பெயர் வேறொரு மயக்கத்தைத் தந்தது. தேநீரில் சீனியை விலக்கியவர் கடமை முடிந்ததென நிறைவுறுகிறார். ஆனால் கோப்பையில் குவித்த சோறும் குடலில் சீனியாகவே மாறுகிறது. படுவான்கரை நெல் விளையும் பூமி. விளைவித்தவனிடம் சோற்றைக் குறை என்பது எளிதில் ஏறும் சொல்லன்று. இனிப்புக்குக் கசப்பே மாற்று என்று பாவற்காயை நம்புவோரும் உளர். பாவற்காய் நல்ல கறியே. மாத்திரையின் இடத்தை அது நிரப்பாது.

கிளினிக் நாளுக்கு முன் இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டு, கொப்பியில் நல்ல எண்ணைப் பெற்று மகிழ்ந்து திரும்புவதும் உண்டு. மருத்துவரை ஏய்த்தல் என்று இதனைச் சொல்வது பொருந்தாது. அந்த எண் அன்றைய காலையின் எண் மட்டுமே என்பதை அவருக்கு யாரும் விளக்கியிருக்கமாட்டார். செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வன. அவற்றில் ஒட்டிய சீனியை அளக்கும் பிற்காலச் சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதையைக் கூறிவிடும்.

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்றில், 20 வயது கடந்தோரில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக் காணப்பட்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் அதுவரை அதனை அறிந்திலர். தாகமில்லை, வலியில்லை, பழைய பெயர்கள் குறித்த அடையாளம் ஒன்றும் அவரிடம் தோன்றவில்லை.

வலியின்மையே வயற்காரருக்குப் பகை. குருதியில் நெடுங்காலம் மிகுந்த சீனி நரம்புகளைக் கெடுக்கும்போது பாதம் உணர்வை இழக்கிறது. சேற்றில் செருப்பு நில்லாது. தைத்த முள் தெரியாமல் புண்ணாகி, புண் எலும்புவரை இறங்கியபின் மருத்துவமனைக்கு வருவோர், காலை இழக்கவும் நேர்கிறது. ஆதலால் வயலிலிருந்து கரையேறிக் கால் கழுவியதும், உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் பார்க்கும்படி மருத்துவர் கூறுவர். பார்வை மங்கியவராயின், விளக்கடியில் பேரப்பிள்ளை ஒருத்தி பார்த்துச் சொல்லலாம்.