அணித் தேடல் (சி நிரலாக்கம்)

அணித் தேடல் என்பது, ஒரே தரவினத்தைச் சேர்ந்த உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ள அணியொன்றில், வேண்டிய உறுப்பு உள்ளதா, உள்ளதெனில் எந்த இடத்தில் உள்ளது என்பதைக் கண்டறியும் செயலாகும். வரிசைமுறைத் தேடல், இருமத் தேடல் ஆகியவை இதன் இரு அடிப்படை முறைகள். இயக்குதளம் போன்ற அமைப்பு மென்பொருள்களை எழுதப் பயன்படும் சி மொழி, அணியின் எல்லையைச் சரிபார்ப்பதில்லை. ஆகவே தேடலின் விரைவுக்கு மட்டுமன்றி, அதன் சரித்தன்மைக்கும் நிரலரே பொறுப்பாகிறார்.

எடுத்துக்காட்டு: கொள்கலன் எண்கள்

வடசென்னையில் இராயபுரத்தை ஒட்டியுள்ள சென்னைத் துறைமுகத்தில் 1983 ஆம் ஆண்டு கொள்கலன் முனையம் தொடங்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001 இல் செயற்படத் தொடங்கி, 2014 இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கன்டெய்னர் எனப் பரவலாக அழைக்கப்படும் சரக்குக் கொள்கலன்கள், ஐ.எசு.ஓ 6346 என்னும் பன்னாட்டுச் சீர்தரப்படி 11 குறியுருக்கள் கொண்ட எண்ணைத் தாங்கியிருக்கும். அவற்றுள் முதல் 4 எழுத்துகள், அடுத்த 6 இலக்கங்கள், இறுதியில் உள்ளது சரிபார்ப்பு இலக்கம்.

சி மொழியில் இவ்வெண்ணைச் சரமாகச் சேமிக்க, முடிவுக் குறியையும் சேர்த்து 12 பைட்டுகள் தேவை. 10,000 கொள்கலன்களின் பட்டியல் 1,20,000 பைட்டுகளில் அடங்கும். திருவொற்றியூர் வழியாகத் துறைமுகம் நோக்கி வரும் சுமையுந்து ஒன்றின் கொள்கலன் இத்தகைய பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பதாகக் கொள்வோம். பட்டியலில் உள்ள எண்ணை 'இல்லை' என்று கூறும் நிரல், மெதுவாக இயங்கும் நிரலைவிடத் தீங்கானது. வண்டி வாயிலிலேயே நின்றுவிடும்.

வரிசைமுறைத் தேடல்

இம்முறையில் முதல் உறுப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஒப்பிடப்படும். அணி வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டியதில்லை. 10,000 உறுப்புகளில் தேடுவது இல்லையெனில் 10,000 ஒப்பீடுகளும், இருப்பின் சராசரியாக ஏறத்தாழ 5,000 ஒப்பீடுகளும் தேவைப்படும்.

மாணவர்கள் இங்குச் செய்யும் பிழைகள் இரண்டு. முதலாவது, இரு சரங்களைச் சமக்குறியால் ஒப்பிடுவது. சி மொழியில் அவ்வாறு செய்தால் எழுத்துகளுக்கு மாறாக நினைவக முகவரிகளே ஒப்பிடப்படும். எழுத்துகள் ஒன்றாயிருந்தும் விடை 'இல்லை' என வரலாம். சரங்களை ஒப்பிடும் நூலகச் செயற்கூற்றையே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, செயற்கூற்றுக்குள் அணியின் அளவைக் கணக்கிட முயல்வது. செயற்கூற்றுக்கு அனுப்பப்படும் அணி, முதல் உறுப்பின் சுட்டாக மட்டுமே சென்றடைகிறது. எனவே உறுப்புகளின் எண்ணிக்கையைத் தனியே அனுப்ப வேண்டும்.

இருமத் தேடல்

வரிசைப்படுத்தப்பட்ட அணியில் நடு உறுப்பை ஒப்பிட்டு, தேடுவது இருக்க இயலாத பாதியை ஒவ்வொரு சுற்றிலும் நீக்கும் முறை இருமத் தேடல் ஆகும். ஜான் மாக்லி 1946 இல் இதனைத் தமது விரிவுரையில் குறிப்பிட்டார். இதன் படிகள் வருமாறு:

1. கீழ் = 0, மேல் = எண்ணிக்கை
2. கீழ் < மேல் என இருக்கும்வரை 3, 4 ஆகிய படிகளைத் திரும்பச் செய்க
3. நடு = கீழ் + (மேல் − கீழ்) / 2
4. அணி[நடு] < தேடுவது எனில் கீழ் = நடு + 1; இல்லையெனில் மேல் = நடு
5. கீழ் < எண்ணிக்கை என்பதும் அணி[கீழ்] தேடுவதற்குச் சமம் என்பதும் உண்மையெனில், விடை கீழ், அல்லாவிடில் 'இல்லை'

எடுத்துக்காட்டாக, 108, 215, 305, 412, 560, 733, 918 என்னும் அணியில் 560 ஐத் தேடினால், நடு இடங்கள் முறையே 3, 5, 4 ஆகும். சி மொழியில் சுட்டெண் 0 இலிருந்து தொடங்குவதால் விடை 4. இம்முறையில் 10,000 உறுப்புகளுக்கு அதிகபட்சம் 14 சுற்றுகளும், 10 இலட்சம் உறுப்புகளுக்கு 20 சுற்றுகளும் போதும்.

நடு இடத்தைக் கணக்கிடுவதில் பிழை

நடு இடத்தை (கீழ் + மேல்) / 2 என எழுதுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் 32 பிட்டு முழு எண்ணின் உச்ச மதிப்பு 2,14,74,83,647 ஆகும். ஏறத்தாழ 107 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் இருப்பின் இக்கூட்டுத்தொகை அவ்வரம்பைத் தாண்டக்கூடும். சாவா மொழியின் நூலகத்திலும் இப்பிழை பல ஆண்டுகள் இருந்ததை ஜோசுவா பிளாக் 2006 இல் வெளிப்படுத்தினார். ஜான் பென்ட்லியின் 1986 ஆம் ஆண்டு நூலிலும் இதே பிழை இருந்தது. சாவாவில் நிரல் பிழைச் செய்தியுடன் நிற்கும். சி மொழியிலோ இதன் விளைவு வரையறுக்கப்படவில்லை. மேலே தரப்பட்ட மூன்றாம் படி இப்பிழையைத் தவிர்க்கிறது.

மேல் = நடு − 1 என எழுதும் வடிவத்தில் வேறோர் இடர் உண்டு. சுட்டெண் குறியற்ற முழு எண்ணாக இருந்து நடு 0 ஆனால், கழித்தலின் விளைவு மிகப் பெரிய எண்ணாகிவிடும். மேல் எல்லையை உட்படுத்தாத மேற்கண்ட வடிவில் இக்கழித்தலே இல்லை.

பிற மொழிகள்

சி மொழியின் செந்தர நூலகத்தில் இருமத் தேடலுக்கான செயற்கூறு உள்ளது. அது, அணி வரிசையில் உள்ளதா எனச் சரிபார்ப்பதில்லை. 2015 இல் முதல் நிலைப்பதிப்பு வெளியான ரசுட்டு மொழி, எல்லைக்கு வெளியே உள்ள சுட்டெண்ணைப் பயன்படுத்தினால் நிரலை நிறுத்திவிடும். அதன் இருமத் தேடல், உறுப்பு இல்லாதபோது அதனைச் சேர்க்கவேண்டிய இடத்தையும் தெரிவிக்கும். எனினும் வரிசை குலைந்த அணியில் அங்கும் விடை தவறாகலாம்.

முறையைத் தேர்தல்

ஒருமுறை மட்டும் தேடுவதற்காக அணியை வரிசைப்படுத்துவது வீண். அதற்கு வரிசைமுறைத் தேடலே ஏற்றது. கப்பல் ஒன்றின் பட்டியல் போல, ஒருமுறை அமைந்து பலமுறை தேடப்படுவதற்கு இருமத் தேடல் பொருந்தும். கொள்கலன்கள் இடையறாது வந்துபோகும் முற்றத்தின் பட்டியலை வரிசையில் வைத்திருக்க, ஒவ்வொரு சேர்ப்பிலும் உறுப்புகளை நகர்த்த வேண்டியிருக்கும். அத்தகைய இடங்களில் அணிக்கு மாறாக வேறு தரவுக் கட்டமைப்புகள் பயன்படுத்தப்படுகின்றன. எம்முறையாயினும், தேடுவதற்கு முன் சரிபார்ப்பு இலக்கத்தைக் கணித்துப் பார்த்தால், தவறாகத் தட்டச்சிட்ட எண்களில் பெரும்பாலானவற்றை முன்னரே விலக்கலாம்.